சொல் விளக்கம்: ஆக்சிஜனேற்ற நுண்ணுயிர்க்கொல்லி

ஊட்டியிலோ குன்னூரிலோ குழாயைத் திறந்ததும் காரமாக வாசம் அடித்தால், "மருந்து போட்டிருக்காங்க" என்பார்கள். தண்ணீர்த் துறைக்காரர்கள் அந்த மருந்தை ஆக்சிடைசிங் பயோசைடு என்கிறார்கள். குளோரின் வாயு, பிளீச்சிங் பவுடர், சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் டை ஆக்சைடு, புரோமின், ஓசோன், பெர்அசெட்டிக் அமிலம் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

பயோசைடு ஒரு கலப்புச் சொல். 'பயோஸ்' என்றால் கிரேக்கத்தில் உயிர். 'சைடு' வெட்டு, கொலை என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. நேராகத் தமிழாக்கினால் உயிர்க்கொல்லி. ஆனால் அந்தச் சொல்லை எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் நோய்க்கென்றே எடுத்துக்கொண்டுவிட்டன. நுண்ணுயிர்க்கொல்லி என்றால் ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சிலர் நினைப்பார்கள். அதற்கு 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்ற சொல் தனியாக இருப்பதால், தண்ணீரில் போடுவதற்கு நுண்ணுயிர்க்கொல்லி என்பதை வைத்துக்கொள்ளலாம்.

முன்பாதியான 'ஆக்சிடைசிங்', அதாவது ஆக்சிஜனேற்றம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆக்சிஜன் என்றால் 'அமிலம் பிறப்பிப்பது'. எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று நம்பி பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே வைத்த பெயர். அந்த நம்பிக்கையால் குளோரினையும் ஆக்சிஜன் கலந்த சேர்மம் என்றே எண்ணியிருந்தார்கள். அது தனித் தனிமம் என்று 1810இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காட்டி, வெளிர்பச்சை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரும் வைத்தார். ஆக்சிஜனே இல்லாத குளோரின் 'ஆக்சிஜனேற்றம்' செய்கிறது என்பது முரணாகத் தெரிவது இதனால்தான். நம் பாடநூலின் ஆக்சிஜனேற்றம், இலங்கைப் பாடநூலின் ஒட்சியேற்றம் இரண்டும் எதையோ ஏற்றுவதாகச் சொல்கின்றன. நடப்பதோ பறிப்பு: எதிரில் இருப்பதன் எலக்ட்ரானைப் பிடுங்குவது. கிருமியின் உறை, நொதிகள் எல்லாம் அந்தப் பறிப்பில் சிதைகின்றன.

பறிக்கிறவனுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. கிருமிக்கு முன்னால் இரும்பு வந்தால் இரும்போடு, மட்கு வந்தால் மட்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். ஒரு மில்லிகிராம் கரைந்த இரும்பு சுமார் 0.64 மில்லிகிராம் குளோரினைத் தின்னும். நீலகிரியின் சோலையும் மேல்மலைச் சதுப்பும் கசியவிடும் தண்ணீர் மழைக்காலத்தில் நீர்த்த டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். அந்த நிறம் முழுக்க மட்கு. கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவும் தொட்டியில் மருந்து நிற்காததற்கும் சேறுதான் காரணம். எனவே எவ்வளவு போட்டோம் என்பது பாதிக் கணக்கு. தின்றது போக மிஞ்சுவதை 'எஞ்சிய குளோரின்' என்கிறோம், காக்கிறது அதுதான். இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 குடிநீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் கேட்கிறது. கடைசி வீட்டுக் குழாயிலும் அது இருக்க வேண்டும்.

போடும் அளவைக் கண்டுபிடிக்கச் சிறு சோதனை போதும். நல்ல பிளீச்சிங் பவுடரில் 32 முதல் 34 விழுக்காடு குளோரின் இருக்கும். மூட்டை பிரித்து ஈரக்காற்று பட்டபின் 25 என்று வைத்துக்கொள்வது பத்திரம். குன்னூர் மழையில் கட்டிதட்டி வாசமும் போன பவுடர் வெறும் சுண்ணாம்புதான். 40 கிராம் பவுடரை ஒரு லிட்டரில் கரைத்தால் ஒரு விழுக்காட்டுக் கரைசல். ஐந்து பிளாஸ்டிக் வாளிகளில் அதே தொட்டித் தண்ணீர் பத்துப் பத்து லிட்டர் எடுத்து, தெளிந்த கரைசலில் 1, 2, 3, 4, 5 மில்லி முறையே விட்டுக் கலக்குங்கள். விடும் ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் ஆகிறது. அரை மணி கழித்து, எஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்க்க, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டும் முதல் வாளிதான் உங்கள் அளவு. மூன்றாம் வாளி என்றால் 10,000 லிட்டர் தொட்டிக்கு 30 கிராம் குளோரின், அதாவது 120 கிராம் பவுடர். அதை வாளியில் குழைத்து, கரைத்து, கால் மணி நேரம் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். அடி வண்டலையும் கொட்டினால் வால்வு அடைக்கும், தண்ணீரின் காரத்தன்மையும், அதைக் காட்டும் pH அளவும் ஏறும். pH 7.5இல் குளோரினில் பாதிதான் வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும், 8.5இல் பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம்.

குளிர் இன்னொரு சங்கதி. தண்ணீர் 10 டிகிரி குளிர்ந்தால் கொல்லும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். மேட்டுப்பாளையத்தில் அரை மணி போதுமென்றால், பனிக்காலத்து ஊட்டியில் ஒரு மணியாவது விட வேண்டும்.

வாசம் அடித்தால் மருந்து அதிகம் என்று எண்ணுவது பெரும்பாலும் தப்பு. தோட்டத்து யூரியாவும் கோழி எருவும் மழையில் கரைந்து வந்தால், அந்த அம்மோனியாவோடு குளோரின் சேர்ந்து குளோரமைன் ஆகும். மூக்கை அரிக்கும் அந்த வாசம் பல சமயம் மருந்து போதவில்லை என்பதன் அடையாளம். அதற்காக மட்கு நிறத் தண்ணீரில் அள்ளிக் கொட்டவும் கூடாது, டிரைஹாலோமீத்தேன் என்ற கெடுதலான சேர்மம் உண்டாகும். படிகாரம் போட்டு, வடிகட்டி, பிறகே குளோரின்.

பெயர்க்குழப்பம் ஆபத்தாகும் இடங்களும் உண்டு. பாடநூல் பிளீச்சிங் பவுடரைச் சலவைத்தூள் என்கிறது. துணி சோப்புத்தூளைத்தான் பலரும் அப்படிப் புரிந்துகொள்வார்கள். டப்பாவில் 'பிளீச்சிங் பவுடர்' என்றே எழுதுங்கள், கக்கூஸ் கழுவும் ஆசிட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

'ஹைப்போ' இதைவிட மோசம். கடையில் ஹைப்போ என்று கேட்டால் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் தருவார்கள். போட்டோ கழுவியவர்களுக்கு ஹைப்போ என்றால் சோடியம் தயோசல்பேட். முன்னது குளோரினைக் கொடுக்கும், பின்னது குளோரினை அழிக்கும். தொட்டி கழுவிய தண்ணீரை ஓடையில் விடுமுன் தேவைப்படுவது பின்னதுதான். அவலாஞ்சியில் வளர்க்கும் டிரவுட் போன்ற மீனுக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் சில பங்கு குளோரினே எமன். குளோரின் எடையைப் போல் ஏழு மடங்கு தயோசல்பேட் படிகம் போதும்: 10,000 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வீதம் எஞ்சியிருந்தால் 1.4 கிலோ. வாங்கும்போது முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.