மகரந்தத்தில் பூஞ்சை நச்சு: ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் என்ன சொல்கிறது?

தேனீ தன் பின்னங்காலில் உருட்டிக்கொண்டு வரும் மகரந்தம், தேனீப் பெட்டியின் வாசலில் பொருத்திய துளைத்தட்டில் உரசிக் கீழே இழுப்பறையில் விழுகிறது. ஸ்பெயின் போன்ற நாடுகளில் இதைக் காயவைத்துச் சத்துணவாக விற்கிறார்கள். விழுந்த கையோடு தொட்டால் உருண்டை மெத்தென்று இருக்கும். எடையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஈரம்தான். நாள்கணக்கில் அங்கேயே கிடந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் இனப் பூஞ்சைகள் வளரும். அவற்றில் சில ஆக்ராடாக்சின் ஏ என்ற சிறுநீரக நச்சையும், சில கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமான அஃப்ளாடாக்சினையும் உண்டாக்குகின்றன. பிறகு எவ்வளவு காயவைத்தாலும் பூஞ்சையின் வளர்ச்சிதான் நிற்கும். ஊறிய நச்சு போகாது.

உணவில் மாசுப் பொருள்களுக்கு உச்சவரம்பு விதிப்பது 2023/915 எண் ஒழுங்குமுறை. வறுத்த காப்பிக்கொட்டையில் ஆக்ராடாக்சின் ஏ கிலோவுக்கு 3 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அது. மகரந்தத்துக்கு அப்படியொரு வரம்பு அதில் இல்லை. மகரந்தத்துக்கென்று உள்ள, கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் என்ற வரம்பைச் சிலர் இதற்கானது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற தாவர நச்சுக்கானது. பூவிலிருந்தே வருவது, பூஞ்சையிலிருந்து அல்ல.

வரம்பு இல்லையென்றால் எவ்வளவு இருந்தாலும் விற்கலாமா? கூடவே கூடாது. 178/2002 எண் ஒழுங்குமுறையின் 14ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற உணவைச் சந்தைக்குக் கொண்டுவரத் தடை விதிக்கிறது. உண்டவருக்கு உடனே வரும் கேட்டை மட்டுமல்ல, நாளடைவில் உடலில் சேரும் நச்சின் விளைவையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தினமும் ஒரு கரண்டி என்று மாதக்கணக்கில் சாப்பிடும் பொருளுக்கு இந்த வாசகம் மிக முக்கியம். ஆனாலும் மகரந்தத்துக்கென்று தனி வரம்பு வேண்டும் என்பதே என் கருத்து. அளவு குறிக்காத சட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஆபத்தைப் புதிதாக மதிப்பிட வேண்டியிருக்கிறது.

பொறுப்பு முதலில் விற்பவருடையது. சரக்கு பாதுகாப்பற்றது என்று கருதக் காரணம் இருந்தால் 19ஆம் பிரிவின்படி அவரே திரும்பப் பெற்று, அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் புட்டியைத் திறந்ததும் பூசண வாடை அடித்தாலோ, உருண்டைகள் ஈரமாக ஒட்டிக் கட்டியாக இருந்தாலோ சாப்பிட வேண்டாம். புட்டியையும் அதிலுள்ள தொகுதி எண்ணையும் பத்திரப்படுத்தி, உள்ளூர் உணவுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் தரலாம். ஆபத்து உறுதியானால், விரைவு எச்சரிக்கை அமைப்பின் வழியாக மற்ற உறுப்பு நாடுகளுக்கும் தகவல் போகும்.