பதினொரு மாத அக்ரிமெண்ட் மட்டும் போதாது

எங்கள் மாடி போர்ஷனில் இருந்தவர் ஐந்து மாத வாடகை பாக்கி வைத்திருந்த சமயம், ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். பீரோவில் பத்திரமாக வைத்திருந்த அக்ரிமெண்டை எடுத்து நீட்டினேன். முத்திரைத்தாள், இரண்டு பேர் கையெழுத்து, இரண்டு சாட்சி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் முதல் பக்கத்தைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. "ரெண்ட் அத்தாரிட்டி நம்பர் எங்க சார்?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் நகர்ப்புறத்தில் வீடோ கடையோ வாடகைக்கு விட்டிருக்கிற பலருக்கும் இன்றைக்கும் இது தெரியவில்லை. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது கிடையாது. அதற்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் நியாய வாடகை என்று ஒரு கணக்குப் போட்டு வாடகையை நிர்ணயிக்க வழி இருந்தது. இப்போது வாடகை என்பது நீங்களும் குடிவருபவரும் பேசி எழுதிக்கொள்கிற தொகைதான். அரசு அதில் தலையிடாது, ஆனால் எழுதியிருக்க வேண்டும், எழுதியதைப் பதிந்திருக்க வேண்டும் என்கிறது.

இங்கேதான் குழப்பம். ஒரு வருடத்துக்கு மேல் குத்தகை எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது பழைய பதிவுச் சட்டம், 1908ஆம் ஆண்டினுடையது. அதைத் தவிர்க்கத்தான் ஊரெல்லாம் பதினொரு மாதம் என்று எழுதுகிறோம், டைப் அடிக்கிற கடைக்காரர் நம்மைக் கேட்காமலேயே பதினொன்று என்று போட்டுவிடுவார். புதிய சட்டத்தில் அந்தத் தந்திரம் செல்லாது. பதினொரு மாதமோ, ஐந்து மாதமோ, எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், எல்லாவற்றையும் வாடகை அதிகாரியிடம், அதாவது வக்கீல் சொன்ன அந்த ரெண்ட் அத்தாரிட்டியிடம், பதிய வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் சார்பதிவாளர் அல்ல, துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத வருவாய்த் துறை அதிகாரி. இரண்டும் வேறு வேறு பதிவு. ஒன்றைச் செய்துவிட்டு இன்னொன்றையும் செய்தாயிற்று என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

பதியாவிட்டால் என்ன? அபராதம் ஏதும் வீடு தேடி வராது, அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் நாளைக்கு ஒரு தகராறு என்று வந்தால், பதியாத ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்ட முடியாமல் போகலாம். என் பீரோவில் இருந்த காகிதத்தின் மதிப்பு அவ்வளவுதான்.

பதிவது கஷ்டமில்லை. டெனன்சி.டிஎன்.கவ்.இன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பம் இருக்கிறது. இரண்டு பேரின் பெயர், முகவரி, கைபேசி எண், ஆதார், பான், வீட்டின் விவரம், எவ்வளவு வாடகை, எவ்வளவு அட்வான்ஸ், எந்தத் தேதியில் சாவி கொடுத்தீர்கள், எத்தனை மாதம், இவைதான் கேட்பார்கள். கையெழுத்தான ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அது ஏற்கப்பட்டால் ஒரு பதிவு எண் வரும், அதைத்தான் வக்கீல் கேட்டார். குடிவருபவர் அட்வான்ஸ் கொடுக்க வருகிற அன்றைக்கே ஆதார், பான் நகல் வாங்கிவிடுங்கள். சாவி கை மாறிய பிறகு "அடுத்த வாரம் தர்றேன் சார்" என்பார்கள், அந்த வாரம் வரவே வராது.

வருடக்கணக்காக வாய்ப்பேச்சிலேயே ஓடுகிற பழைய குடித்தனங்களுக்கும் வழி உண்டு. எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வாடகைக்காரர் ஒத்துவராமல் ஒப்பந்தம் போடவே முடியவில்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். என்னிடம் இருந்தது எழுதியும் பதியாத ஒப்பந்தம், என் விஷயத்திலும் ஒரு நோட்டீஸ்தான் கைகொடுத்தது. நோட்டீஸ் போன இரண்டாவது வாரம் அவரே இறங்கி வந்து பேசினார்.

அட்வான்ஸ் விஷயத்தில் நம் ஆட்களுக்குத்தான் மனம் வராது. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது வெகுகாலப் பழக்கம். புதிய சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் தவிர. அந்த 'தவிர'வைப் பிடித்துக்கொண்டு பத்து மாதம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என் கருத்தில் மூன்று, நான்கு மாதம் போதும். பெரிய தொகை வாங்கினால் அதைச் செலவழித்துவிட்டு, காலி செய்கிற அன்றைக்கு அடுத்த குடித்தனக்காரர் கொடுத்தால்தான் இவருக்குத் தர முடியும் என்று நிற்கிற வீட்டுக்காரர்களை நிறையப் பார்த்தாயிற்று. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் தந்துவிட வேண்டும்.

எதைக் கழிக்கலாம் என்பதில்தான் முக்கால்வாசிச் சண்டை. சட்டத்தோடு ஒரு பட்டியலே இருக்கிறது. சுவர், கூரை போன்ற கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, மின் ஒயரிங், இவை வீட்டுக்காரர் பொறுப்பு. டேப், அதன் வாஷர், சாக்கடை அடைப்பு எடுப்பது, கக்கூஸ், வாஷ்பேசின், கீசர் ரிப்பேர், சுவிட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, இவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும். அப்படி எழுதாமல், காலி செய்கிறவரிடம் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறோமே, அதற்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. வெள்ளையடிப்பு நம் செலவு.

அப்புறம், வாடகை வரவில்லை என்றால் ஃப்யூஸைப் பிடுங்குவது, மோட்டார் போடாமல் விடுவது. இதை மட்டும் செய்துவிடாதீர்கள். தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம், அவர் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம், நஷ்டஈடும் கட்ட வேண்டி வரும். பாக்கி வைத்தவர் அவர், குற்றவாளியாக நிற்பது நீங்கள். அதேபோல நம் வீடுதானே என்று மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போகக் கூடாது, 24 மணி நேரம் முன்னதாக எழுதித் தெரிவித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப என்ன சோம்பல்.

சரி, உண்மையிலேயே காலி செய்ய வைக்க வேண்டும் என்றால்? இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால், அல்லது உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால், வீட்டைத் தவறாகப் பயன்படுத்தினால், உங்களுக்கே வீடு தேவைப்பட்டால், வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஒப்பந்தக் காலம் முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருப்பவரிடம் இரு மடங்கு வாடகையை நஷ்டஈடாகக் கேட்கலாம். இவற்றுக்கு சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.

வருமான வரிக்கும் ஒரு வார்த்தை. வாடகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை கேட்கிற குடியிருப்பவர் உங்கள் பான் எண்ணைக் கேட்பார், மறைக்க முடியாது. மறைக்கத் தேவையும் இல்லை, நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்தபின் வருகிற தொகையில் 30 சதவீதத்தை, ரிப்பேருக்குச் செலவழித்தாலும் செலவழிக்காவிட்டாலும், கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் வரி.

எங்கள் மாடிக்கு இப்போது புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. சாவி கொடுத்த அன்று அந்தப் பையனையும் கூட வைத்துக்கொண்டு ஈ.பி. மீட்டர் ரீடிங், ஒவ்வொரு அறைச் சுவர், சமையலறைத் தொட்டி, விரிசல் விட்ட அந்த ஒரு பாத்ரூம் டைல்ஸ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனிலும் வைத்துக்கொண்டோம். "இதுக்கெல்லாமா சார் போட்டோ?" என்று சிரித்தான். "காலி பண்றப்போ இந்த டைல்ஸ நீ உடைச்சேன்னு நான் சொல்லக் கூடாதில்ல தம்பி" என்றேன்.