முப்பது பேரும் இட்லிதான் சாப்பிட்டார்களா?

பள்ளிகளில் பிள்ளைகளிடம் பேசித் தகவல் திரட்டுவது என் வேலை. ஆரம்ப நாட்களில் ஒரு ஐந்தாம் வகுப்பில் நின்றுகொண்டு, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று வரிசையாகக் கேட்டேன். முதல் பையன் "இட்லி" என்றான். அடுத்தவளும் இட்லி. கடைசி பெஞ்சு வரை இட்லியே வந்தது, நானும் குறித்துக்கொண்டேன். மணி அடித்ததும் ஒருத்தி பக்கத்தில் வந்து, "மிஸ், நான் வெறும் டீதான். பழைய சோறுன்னு சொன்னாலே சிரிப்பாங்க, அதான்" என்றாள். அன்றைய தாளைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது சாப்பாட்டைப் பற்றி நேரடியாகக் கேட்பதில்லை. தனியாக உட்காரவைத்து, "காலையில எழுந்ததுலேருந்து பள்ளிக்கூடம் வர்ற வரைக்கும் என்னென்ன செஞ்சே?" என்கிறேன். தண்ணீர் பிடித்தது, வாசல் தெளித்தது, தம்பியைக் குளிப்பாட்டியது என்று அடுக்குவார்கள். சில பெண் பிள்ளைகளின் கதையில் தம்பி சாப்பிடுவான். சொல்கிறவள் சாப்பிட்டதாக வரவே வராது. ஒரே வீடு, ஒரே வருமானம்! குடும்ப வருமானத்தை மட்டும் கேட்கும் படிவத்தில் இது எங்கே தெரியும்?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. நல்ல காரியம். ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்குமானது. ஆறாவது போனதும் பசி நின்றுவிடுமா? ஆய்வு செய்கிறவர்கள் அந்த வயதையும் விட்டுவிடக் கூடாது.

சாதி விஷயத்தில் கேள்வியே உதவாது. வெள்ளைத் தாளைக் கொடுத்து, பள்ளியை வரைந்து, பிடித்த இடத்தையும் போகப் பிடிக்காத இடத்தையும் குறிக்கச் சொல்வேன். கழிப்பறை கட்டாயம் வரும். சில தாள்களில் "இந்தக் குழாய் அவங்களுக்கு" என்றும் வரும். யார் "அவங்க" என்று கேட்டால் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைச் சொல்வார்கள். 2023இல் நாங்குநேரியில் சாதி வன்மத்தால் மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளுக்குத் தடை விதிக்கவும் வகுப்பில் அகரவரிசைப்படி உட்காரவைக்கவும் 2024 ஜூனில் பரிந்துரைத்தது. பெரியவர்களுக்கு அறிக்கை வேண்டியிருந்தது. பிள்ளைகள் நிறத்தை எப்போதோ படித்துவிட்டார்கள்.

இன்னொன்று. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். அதைப் பேச்சைத் தொடங்கும் முன்பே பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணையும் எழுதித் தருகிறேன். தலைமையாசிரியர் அனுமதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், பிள்ளை "எனக்கு வேண்டாம் மிஸ்" என்றால் விட்டுவிடுவேன். அந்தத் தாள் வெற்றாகவே அலுவலகம் போகும். அதை நிரப்பி வரச்சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களோடுதான் எனக்கு வருஷா வருஷம் சண்டை.