எக்ஸ்ரே பலகைக்குள் ஒரு டிவி

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப் போனால், சில்லென்ற ஒரு பலகையில் மார்பை ஒட்டி நிற்கச் சொல்வார்கள். "மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து டெக்னீஷியன் குரல் கொடுப்பார். இப்போதைய டிஜிட்டல் எக்ஸ்ரே மையங்கள் பலவற்றில் அந்தப் பலகைக்குள் இருப்பது, வீட்டு டிவியின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க ஒரு கண்ணாடி.

எல்.சி.டி. திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் சிலிக்கானால் ஆன மெல்லிய சுவிட்ச் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஸ்பியர், லெகோம்பர் குழுவினர் 1979இல் இதை அமார்ஃபஸ் சிலிக்கானில், அதாவது படிக ஒழுங்கில்லாத சிலிக்கானில், செய்து காட்டினார்கள். அவர்கள் மனதில் இருந்தது திரைகள்தான். அதே சுவிட்ச் வரிசையைப் படம் காட்டுவதற்குப் பதிலாகப் படம் வாங்குவதற்கு வைத்தால் எக்ஸ்ரே பேனல்.

பேனலின் மேல்பக்கம் பெரும்பாலும் சீசியம் அயோடைடு பூச்சு. அதன் படிகங்கள் நாற்றங்கால் பயிர்போல நெருக்கமாக ஊசி ஊசியாய் நிற்கும். எக்ஸ்ரே பட்டதும் ஒளிரும். அந்த ஒளி அக்கம்பக்கம் அதிகம் சிதறாமல் பெரும்பாலும் ஊசி வழியாகவே கீழே இறங்கும். கீழே இருக்கும் ஒளி உணரி அதை மின்னூட்டமாகச் சேமித்துக்கொள்ள, சுவிட்சுகள் வரிசை வரிசையாகத் திறந்து கணக்கெடுக்கும். 43 செ.மீ. அகலப் பேனலில் 0.14 மி.மீ.க்கு ஒரு புள்ளி என்றால், ஒரு வரிசைக்கே மூவாயிரம் புள்ளிகள். சில நொடிகளில் படம் வந்துவிடும். இருட்டறையில் டெவலப்பர் வாடையோடு ஃபிலிம் கழுவிய காலத்தைப் பார்த்த எனக்கு இது இன்னும் பழகவில்லை.

கண்ணாடி என்பதால் கீழே விழுந்தால் கதை முடிந்தது. மாற்றப் பல லட்சம் ஆகும். படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகுக்கடியில் பேனலைச் செருகும்போது டெக்னீஷியன் "நீங்க தூக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று கடுகடுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

படம் எடுப்பது இப்படி. எக்ஸ்ரே படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டரான நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பார்க்கும் திரையைப் பற்றி.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய கிளினிக்கிலிருந்து போன். "சார், எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு. ஆனா பையன் வலது பக்கம் நெஞ்சு வலிக்குதுன்னு துடிக்கிறான். நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன்." இருபது வயது சொச்சம், ஒல்லியான, உயரமான பையன். படத்தை என் மானிட்டரில் திறந்தேன். வலது காறை எலும்புக்குக் கீழே தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு அப்பால் ரத்தக்குழாய்களின் இழையே இல்லை. நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று புகுந்திருக்கிறது. நியூமோதோராக்ஸ். உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது விஷயம் புரிந்தது. டாக்டர் அறைச் சுவரில் 43 அங்குல டிவி. அதே படத்தைப் போட்டுக் காட்டினார். எலும்புகள் பளிச்சென்று, பார்க்க அழகாக இருந்தது. அந்தக் கோடு இருந்த இடம் மட்டும் அட்டைக் கறுப்பு. டாக்டர் மேல் தப்பில்லை. திரையில் இல்லாததை அவர் எப்படிப் பார்ப்பார்?

காற்று நிறைந்த நுரையீரல் எக்ஸ்ரேயில் கறுப்பு. அதைச் சுற்றிக் கசிந்த காற்று இன்னும் கறுப்பு. இந்த இரண்டு கறுப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் நோய். டிவியின் 'விவிட்' மோடு, டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாம் படத்தைப் பளிச்சென்று காட்ட அடர்கறுப்புகளை ஒன்றாக அமுக்கிவிடும். கிரிக்கெட்டுக்கு அது சுகம், நுரையீரலுக்கு ஆகாது. எங்கள் மானிட்டர்களில் ஒவ்வொரு சாம்பல் படியும் கண்ணுக்குச் சமமான இடைவெளியில் தெரியும்படி, டைகாம் என்ற மருத்துவப் படங்களுக்கான தரநிலையின் அளவுகோலில் சீரமைத்திருப்பார்கள். திரையின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 350 கேண்டெலாவாவது வேண்டும் என்கிறது ரேடியாலஜி மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி, மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கு 420. ஆனால் வெறும் வெளிச்சம் போதும் என்றால் நல்ல டிவியே போதும். சாம்பல் படிகள் ஒழுங்காக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பென்டிரைவில், திரை சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் எஸ்.எம்.பி.டி.இ. சோதனைப் படம் வைத்திருந்தேன். அதில் முழுக் கறுப்புக் கட்டத்துக்குள் 5 சதவீத வெளிச்சத்தில் ஒரு குட்டிக் கட்டம் இருக்கும். முழு வெள்ளைக்குள் 95 சதவீதக் கட்டம். டிவியில் குட்டிக் கறுப்புக் கட்டம் காணவே இல்லை. படமுறையை 'சினிமா'வுக்கு மாற்றி, டைனமிக் கான்ட்ராஸ்டையும் மின்சேமிப்பையும் அணைத்து, ஷார்ப்னெஸை இறக்கி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம். மெல்ல எட்டிப் பார்த்தது கட்டம். பையனின் படத்தை மறுபடி போட்டபோது, "அடடா, இதோ இருக்கே!" என்றார் டாக்டர். அதற்காக அது நோய் கண்டறியும் திரையாகிவிடாது. நோயாளிக்கு விளக்க வைத்துக்கொள்ளலாம், முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது வேறு. மானிட்டரைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். போகிற வழியில் வாட்ஸ்அப் அதை இன்னும் சுருக்குகிறது. 14 பிட் பேனல் 16,384 சாம்பல் படிகளைப் பதிவு செய்கிறது. உங்கள் போட்டோவில் மிஞ்சுவது அதிகபட்சம் 256. கூடவே டியூப்லைட்டின் பிரதிபலிப்பு, திரையின் புள்ளிகளும் கேமராவின் புள்ளிகளும் மோதி வரும் அலைக்கோடுகள். மூலக் கோப்பு இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து ஒளிந்திருப்பதைத் தோண்டி எடுக்க முடியும். போட்டோவில் அது நடக்காது. மையத்தில் "டைகாம் கோப்பு வேணும்" என்று கேளுங்கள், சி.டி.யிலோ லிங்க்காகவோ வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த கிளினிக்கில் பென்டிரைவ் டிவியிலேயே செருகியிருக்கிறது. காலையில் நர்ஸ் குட்டிக் கட்டம் தெரிகிறதா என்று பார்த்துவிடுகிறார். ஐ.பி.எல். மாதங்களில் அடிக்கடி காணாமல் போகிறதாம். ரிமோட்டை இப்போது டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.