ரீசெட் பட்டனில் கை வைப்பதற்கு முன்

"பாஸ்வேர்டு போட்டது பழைய மேனேஜர். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்." ரூட்டர், கேமரா, லேப்டாப் என எதைத் திறந்து தர என்னை அழைத்தாலும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அடுத்து வருவதுதான் வயிற்றைக் கலக்கும்: "பின்னால் சின்ன ஓட்டை இருந்தது. குண்டூசியால் குத்திப் பார்த்தோம்."

ரூட்டரின் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தால் பாஸ்வேர்டு போகும், உண்மைதான். கூடவே பிராட்பேண்ட் யூசர்நேம், வைஃபை பெயர், கேமராவை வெளியிலிருந்து பார்க்கத் திறந்து வைத்த போர்ட் என்ற இணைய வழி எல்லாமே போய்விடும். இணைப்பு விவரங்கள் கையில் இல்லையென்றால் அன்றைக்கு அலுவலகத்தில் இணையம் கிடையாது. முதலில் பெட்டியைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் பாஸ்வேர்டு அங்கேயே இருக்கும். எல்லாப் பெட்டிக்கும் 'அட்மின்' என்று அடித்துப் பார்த்த காலம் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பாஸ்வேர்டு, இல்லையென்றால் முதல்முறை நுழையும்போதே புதிது வைக்கும் கட்டாயம் என்று கலிஃபோர்னியாவில் 2020 முதல் சட்டமே இருக்கிறது.

கேமராப் பதிவுப் பெட்டியான டிவிஆர்தான் பெரிய தலைவலி. உள்ளிருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டும் வித்தை பழைய மாடல்கள் சிலவற்றில் பலித்தது. இப்போதைய பெட்டிகளில் அதனால் கடிகாரம்தான் குழம்பும். பிறகு எந்தக் காட்சி எந்த நாளில் பதிவானது என்றே தெரியாது. ஹிக்விஷன் பெட்டி என்றால், அதே நெட்வொர்க்கில் உள்ள கணினியில் அந்நிறுவனத்தின் எஸ்ஏடிபி மென்பொருளைத் திறந்து, ஒரு கோரிக்கைக் கோப்பை எடுத்து அவர்களுக்கு அனுப்ப வேண்டும். பதில் கோப்பு வந்து அதை ஏற்றும்வரை பெட்டியை அணைக்கவே கூடாது. அணைத்தால் எடுத்த கோப்பு செல்லாது. இதைச் சொல்லிவிட்டு வந்தாலும், இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பூட்டுகிற வாட்ச்மேனிடம் சொல்ல மறந்துவிடுவார்கள்! பாஸ்வேர்டை மட்டும் மாற்றுவதால் ஹார்டு டிஸ்கில் உள்ள பதிவுகள் அழியாது. அவசரத்தில் பார்மட் கொடுத்தால்தான் அழியும்.

வேறு சில பெட்டிகளில் திரையில் வரும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால், பதிவு செய்த மின்னஞ்சலுக்கு ரகசிய எண் வரும். யாருடைய மின்னஞ்சல்? பல இடங்களில் கேமரா மாட்டியவருடையது. அவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அதை அலுவலக முகவரிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

லேப்டாப்பில், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் மீட்பு எண் கேட்டால் அது வேறு கதை. 48 இலக்கம். யாருடைய மைக்ரோசாப்ட் கணக்கில் லேப்டாப்பை அமைத்தார்களோ, பெரும்பாலும் அங்கே சேமிப்பாகியிருக்கும். விலகிய ஊழியரின் சொந்தக் கணக்கு என்றால் அவரைத்தான் கேட்க வேண்டும். அந்த எண் கிடைக்கவே இல்லையென்றால் விண்டோஸைப் புதிதாக ஏற்றலாம், கோப்புகள் திரும்பாது. முன்பணம் கொடுத்தால் திறந்து தருகிறேன் என்பவரிடம் ஏமாற வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன் பில்லும் அலுவலகக் கடிதமும் கேட்பேன். சிலருக்குக் கோபம் வருகிறது. திருட்டு லேப்டாப்பைக் கொண்டுவருபவரும் இதே 'பழைய மேனேஜர்' கதையைத்தான் சொல்வார் என்பதால், காகிதம் வரும்வரை நான் பெட்டியைத் தொடுவதில்லை.