ஒரே தெரு, ஐந்து மடங்கு வரி: கலிபோர்னியாவின் புரோப் 13

ஃப்ரீமான்ட்டிலோ சன்னிவேலிலோ புதிதாக வீடு வாங்கும் தமிழ்க் குடும்பத்தில் முதல் வருடமே ஒரு பேச்சு எழும். பக்கத்து வீட்டில் முப்பது, நாற்பது வருடமாக இருக்கும் பெரியவரிடம் பேச்சுவாக்கில் வீட்டு வரி எவ்வளவு என்று கேட்பார்கள். அவர் சொல்லும் தொகையைக் கேட்டதும் முகம் மாறிவிடும். அதே தெரு, அதே பள்ளிக்கூடம், கிட்டத்தட்ட அதே அளவு வீடு. வரி மட்டும் நம்முடையதில் ஐந்தில் ஒரு பங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரியவர் 1985இல் 1,50,000 டாலருக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2 சதவீதம் ஏற்றினால் நாற்பது வருடம் கழித்து, 2025இல், வரிக்கான மதிப்பு சுமார் 3,31,000 டாலர். அதில் 1 சதவீதம், அதாவது 3,310 டாலர் அவருடைய அடிப்படை வரி. நீங்கள் 2022இல் 16 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தால் அதே 2025இல் உங்கள் வரி மதிப்பு சுமார் 17 லட்சம், வரி 17,000 டாலர். இதில் தவறும் இல்லை, சலுகையும் இல்லை. மாநில அரசியல் சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. 1978 ஜூன் 6 அன்று மக்கள் வாக்களித்து எழுதி வைத்தது அது. பெயர் புரொபொசிஷன் 13, பேச்சில் புரோப் 13.

சட்டம் சொல்வது சின்ன விஷயம்தான். சொத்து வரியின் அடிப்படை வீதம் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த 1 சதவீதம் வீட்டின் இன்றைய சந்தை விலைக்கு அல்ல, நீங்கள் வாங்கிய விலைக்கு. 1975க்கு முன்பிருந்தே வீடு வைத்திருந்தவர்களுக்கு 1975ஆம் ஆண்டு மதிப்பு. பணவீக்கத்தைப் பொறுத்து அந்த மதிப்பை ஆண்டுதோறும் ஏற்றலாம், ஆனால் எந்த ஆண்டிலும் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வீடு கை மாறினால் மறுபடி சந்தை விலையில் மதிப்பீடு. புதிதாக ஓர் அறை கட்டினால் அந்த அறையின் மதிப்பு மட்டும் சேரும், பழைய வீட்டைத் தொட மாட்டார்கள். உள்ளூர் மக்கள் வாக்களித்து வாங்கிய கடன் பத்திரங்களுக்கான வட்டியும் அசலும் இந்த 1 சதவீதத்துக்கு வெளியே வரும். அதனால்தான் பில்லில் 1.1, 1.2 சதவீதம் என்று நிற்கிறது.

என் சார்பு எது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டம் வரியைக் குறைத்தது என்பதைவிட, வரியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வைத்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டின் விலை ஏறினால் என் கைக்குக் காசு எதுவும் வருவதில்லை. வராத காசுக்கு அரசு ஏன் பங்கு கேட்க வேண்டும்? குறைந்த வரி, சிறிய அரசு கேட்கும் அமெரிக்க வலதுசாரிகளின், அதாவது கன்சர்வேடிவ்களின், வாதங்களில் எளிதில் மறுக்க முடியாத ஒன்று இது. ஆனால் இதே சட்டம் கன்சர்வேடிவ்கள் விரும்பாத சில வேலைகளையும் செய்து வைத்திருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

சட்டம் ஏன் வந்தது என்பதே ஒரு வேடிக்கை. அறுபதுகளில் கலிபோர்னியாவில் மதிப்பீட்டாளர்கள் வீடுகளுக்குக் கண்டும் காணாமலும் குறைவாக மதிப்புப் போட்டு, கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் கூடுதலாகப் போட்டுவந்தார்கள். வீட்டுக்காரர்கள்தானே ஓட்டுப் போடுபவர்கள்! நிறுவனங்களிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு குறைத்தவர்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ மதிப்பீட்டாளர் லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றார். 1966இல் சட்டமன்றம் சீர்திருத்தம் கொண்டுவந்தது. எல்லாச் சொத்துக்கும் வரி மதிப்பு சந்தை விலையில் ஒரே விகிதம், 25 சதவீதம். நேர்மையான சட்டம்தான். ஆனால் அதுவரை அந்த ஊழலின் நிழலில் ஒதுங்கியிருந்த வீட்டுக்காரர்கள் வெயிலுக்கு வந்துவிட்டார்கள். எழுபதுகளில் வீட்டு விலை தாறுமாறாக ஏற, மதிப்பும் கூடவே ஏறியது. வரி சராசரியாகச் சந்தை விலையில் இரண்டரை சதவீதத்துக்கும் மேல் இருந்தது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளிய முதியவர்களுக்கு வரி பில் ஆண்டுக்கு ஆண்டு எகிறியது. தலைநகர் சாக்ரமென்டோவில் மாநில அரசின் கஜானாவிலோ பல நூறு கோடி டாலர் உபரி சும்மா கிடந்தது. கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கோபத்தைத் திரட்டியவர்கள் இருவர். லாஸ் ஏஞ்சலஸில் அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்துக்காக வேலை பார்த்த ஹோவர்ட் ஜார்விஸ், சாக்ரமென்டோ பக்கத்து பால் கேன். 12 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்த்தார்கள். ஆளுநர் ஜெர்ரி பிரவுன் எதிர்த்தார், பெரிய தொழிலதிபர்கள் பலரும் எதிர்த்தார்கள். ஏறக்குறைய 65 சதவீத வாக்கு ஆதரவாக விழுந்தது. மறுநாளிலிருந்து பிரவுன் அதைச் செயல்படுத்துவதில் முதல் ஆளாக நின்றார் என்பது அரசியல்வாதிகளின் உடம்பு எவ்வளவு வளையும் என்பதற்கு நல்ல சாட்சி. உள்ளூர் அமைப்புகளின் சொத்து வரி வருமானம் ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கியது.

வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஒரு வாக்குறுதி தரப்பட்டிருந்தது. வரி குறைந்தால் வாடகையும் குறையும் என்று. குறையவில்லை. விளைவு, 1979இல் சான்டா மோனிகாவும் சான் பிரான்சிஸ்கோவும் வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. வரிக்கு எதிரான இயக்கம் பெற்ற பிள்ளை வாடகைக் கட்டுப்பாடு. ஜார்விஸ் நிச்சயமாக இதைக் கேட்கவில்லை.

புதிதாக வந்தவர்களின் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் என்பவர் 1988இல் லாஸ் ஏஞ்சலஸில் 1,70,000 டாலருக்கு ஒரு சாதாரண வீடு வாங்கினார். 1975க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்த அக்கம்பக்கத்தாரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி வந்தது. மாலிபு கடற்கரையில் 21 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்களாவின் பழைய உரிமையாளர் கட்டியதும் இவர் கட்டியதும் கிட்டத்தட்ட ஒரே தொகை. 1992இல் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு இன்றும் சரியாகத் தோன்றுகிறது. புதிதாக வாங்குபவருக்கு வரி எவ்வளவு வரும் என்று முன்பே தெரியும், வேண்டாம் என்றால் வாங்காமல் இருக்கலாம். ஏற்கெனவே குடியிருப்பவருக்கு அந்த வழி கிடையாது. மறுத்து எழுதிய ஒரே நீதிபதி ஸ்டீவன்ஸ். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மாலிபு பங்களாவை நினைத்தால்.

அப்புறம் அதிகாரம் எங்கே போனது என்ற விஷயம். 1978க்கு முன் நகரமும் கவுண்ட்டியும் (நம்மூர் மாவட்டம் போன்றது) பள்ளி மாவட்டமும் தத்தம் வீதத்தை நிர்ணயித்துக்கொண்டன. இப்போது எல்லோருக்கும் சேர்த்து ஒரே 1 சதவீதம். அதை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது மாநிலச் சட்டமன்றம். அரசு மக்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பேசுபவர்கள் கொண்டுவந்த சட்டம், ஊராட்சியின் கடிவாளத்தைத் தலைநகரின் கையில் கொடுத்துவிட்டது. சொத்து வரி கட்டுக்குள் வந்ததும் மாநிலம் வருமான வரியின் மேல் சாய்ந்தது. இன்று கலிபோர்னியாவின் உச்ச வீதம் 13.3 சதவீதம். பங்குச் சந்தை ஏறினால் கஜானா வழிகிறது, இறங்கினால் துண்டு விழுகிறது. மாநில வரியை உயர்த்த சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதும் புரோப் 13 வைத்த பூட்டுதான். அந்தப் பூட்டு இல்லாமலிருந்தால் 13.3 எங்கே போய் நின்றிருக்குமோ.

சரி, வீடு வாங்கியவர் கவனிக்க வேண்டியவை. முதல் அதிர்ச்சி சப்ளிமென்டல் பில். விற்றவரின் பழைய மதிப்புக்கும் உங்கள் புதிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, வாங்கிய தேதியிலிருந்து ஜூன் 30 வரைக்கான வரி இது. கவுண்ட்டியின் வரி ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது. ஜனவரி முதல் மே முடிவுக்குள் வாங்கியிருந்தால் இரண்டு சப்ளிமென்டல் பில் வரும். வங்கி மாதத் தவணையோடு வரியையும் பிடித்துக் கட்டுகிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இந்த பில் நேராக உங்கள் பெயருக்கு வரும், பொதுவாக நீங்கள்தான் கட்ட வேண்டும். நான் முதல் வருடம் இதை விளம்பரக் கடிதம் என்று நினைத்து ஒதுக்கி வைத்தேன். 10 சதவீத அபராதத்தோடு பாடம் கற்றேன். வழக்கமான பில்லுக்கு முதல் தவணை டிசம்பர் 10, இரண்டாவது ஏப்ரல் 10. தாண்டினால் அதே 10 சதவீதம்.

புதிய குடியிருப்புகளில் மெல்லோ-ரூஸ் என்று ஒரு வரி இருக்கும். புரோப் 13 அடைத்த வாசலுக்குப் பக்கத்தில் 1982இல் திறந்த ஜன்னல் அது. சாலை, பள்ளி, பூங்காவுக்கென்று அந்தப் பகுதிக்கு மட்டும் போடுவார்கள். வீட்டு மதிப்போடு அதற்குச் சம்பந்தமில்லை. வாங்கும் முன் எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

சொந்த வீட்டில் குடியிருந்தால் மதிப்பில் 7,000 டாலர் கழிவு உண்டு. வரியில் 70 டாலர்தான் மிச்சம், ஆனால் ஒரு முறை படிவம் கொடுத்தால் போதும். வீட்டின் சந்தை விலை வரி மதிப்பைவிடக் கீழே விழுந்துவிட்டால் மதிப்பைத் தற்காலிகமாகக் குறைக்கக் கேட்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: விலை மீண்டு வரும்போது மதிப்பை ஒரே வருடத்தில் 2 சதவீதத்துக்கு மேலும் ஏற்றுவார்கள், பழைய கணக்கு எங்கே போயிருக்குமோ அந்த அளவு வரைக்கும்.

பெற்றோர் வீடு பிள்ளைக்கு வரும்போது என்ன ஆகும் என்பதில்தான் பலர் இன்னும் பழைய சட்டத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1986 முதல் பெற்றோரின் வீட்டைப் பிள்ளைகள் பழைய வரி மதிப்போடு பெறலாம், வாடகைக்கும் விடலாம் என்று இருந்தது. 2020 நவம்பரில் புரோப் 19 வென்று அதை மாற்றியது. 2021 பிப்ரவரி 16 முதல், அது பெற்றோர் குடியிருந்த வீடாக இருக்க வேண்டும், பிள்ளையும் ஒரு வருடத்துக்குள் அங்கேயே குடியேற வேண்டும். அப்போதும் பழைய மதிப்பைவிடச் சந்தை விலை 10 லட்சம் டாலருக்கு மேல் இருந்தால் மிஞ்சிய பகுதிக்கு வரி சேரும். அந்த 10 லட்சத்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சற்று ஏற்றுகிறார்கள். கணவன் மனைவிக்குள் பெயர் மாற்றினால் மறுமதிப்பீடு இல்லை. அதே புரோப் 19 முதியவர்களுக்கு ஒரு நல்லதும் செய்தது. 55 வயதானவர் வீட்டை விற்றுவிட்டு இரண்டு வருடத்துக்குள் மாநிலத்தில் எங்கே வாங்கினாலும் பழைய வரி மதிப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம், மூன்று முறை வரை. புது வீடு விலை கூடுதலென்றால் வித்தியாசம் மட்டும் சேரும்.

கடை, ஹோட்டல், ஆலைகளுக்கும் இதே சட்டம்தான். இங்கேதான் எனக்கு உறுத்தல். ஒரு நிறுவனத்தின் சொத்து கை மாறியதாகக் கணக்கில் வர, ஒரே ஆள் பாதிக்கு மேல் பங்கு வாங்க வேண்டும். 2006இல் டெல் கணினி நிறுவனத்தைத் தொடங்கிய மைக்கேல் டெல் தரப்பு சான்டா மோனிகாவின் ஃபேர்மான்ட் மிராமர் ஹோட்டலை வாங்கியபோது, யாருக்கும் பாதிக்கு மேல் போகாமல் பங்குகளைப் பிரித்துக்கொண்டது. மறுமதிப்பீடு கூடாது என்ற அவர்கள் வாதம் நீதிமன்றத்தில் வென்றது. ஓய்வூதியக்காரருக்காகக் கட்டிய குடையின் கீழ் இவர்களும் நிற்கிறார்கள். வணிகச் சொத்துகளைப் பிரித்துச் சந்தை விலையில் வரி போடச் சொன்ன புரோப் 15, 2020இல் 52க்கு 48 என்று தோற்றது. வீட்டுக்காரர்களின் பயம் என்னவென்றால் இன்று கடை, நாளை வீடு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

கடைசியாக வாஷிங்டன் கணக்கு. மாநிலத்துக்கும் ஊருக்கும் கட்டிய வரியை மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளும் வசதி 1913 முதலே உண்டு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து சால்ட் என்பார்கள். 2017இல் டிரம்ப் காலத்து வரிச் சட்டம் அதற்கு 10,000 டாலர் உச்சவரம்பு வைத்தது. நல்ல சம்பளக்காரருக்கு மாநில வருமான வரியே அதைத் தாண்டிவிடும், வீட்டு வரிக்கு இடமே இல்லை. இதில் கன்சர்வேடிவ்களுக்குள்ளேயே சண்டை. கலிபோர்னியா அதிகம் செலவழிக்க டெக்சஸ்காரர் ஏன் மானியம் தர வேண்டும் என்பது ஒரு பக்கம். நியூயார்க்கின் மைக் லாலர், கலிபோர்னியாவின் யங் கிம் போன்ற குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் மறுபக்கம், அவர்களுடைய வாக்காளர்கள்தானே அடிபடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் மாநில வருமான வரியே இல்லாத டெக்சஸில் சொத்து வரி வீதம் கலிபோர்னியாவைவிட அதிகம்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் வரம்பை 2025ஆம் ஆண்டுக்கு 40,000 டாலராக்கியது. 2029 வரை ஆண்டுக்கு 1 சதவீதம் ஏறும். வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் கழிவு குறைந்துகொண்டே போய் 10,000இல் நிற்கும். இந்த ஐந்து லட்சமும் ஆண்டுக்கு 1 சதவீதம் ஏறும். கழிவுகளைத் தனித்தனியாகக் காட்டி வரி தாக்கல் செய்பவர்களுக்குத்தான் இது பயன்படும். 2025இல் எதையும் காட்டாமலே தம்பதியருக்குக் கிடைக்கும் நிலையான கழிவே 31,500 டாலர், அதைத் தாண்டாவிட்டால் லாபமில்லை. வீட்டு மதிப்பின் பேரில் விதித்த வரியை மட்டும் கணக்கில் எடுங்கள், மெல்லோ-ரூஸ் தொகை பெரும்பாலும் சேராது. 2030இல் வரம்பு மறுபடி 10,000க்கு வந்துவிடும், அதற்குள் வாஷிங்டனில் இன்னொரு சண்டை நடக்காவிட்டால்.