பரணில் கிடக்கும் ஸ்பூன்

முக்கூடல் பக்கம் ஒரு வீடு. பையன் எட்டாம் வகுப்பு, மூளை முடக்குவாதம். நான்கு மாதத்துக்கு முன்பு கொடுத்த ஸ்பூன் எங்கே என்று கேட்டேன். பரணிலிருந்து இறங்கியது, நான் கொடுத்த அதே பிளாஸ்டிக் பையோடு. இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு.

அது ஒன்றும் பெரிய கருவி இல்லை. சாதாரண ஸ்பூன், இறுகப் பிடிக்க முடியாத கைக்காகப் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றித் தடிமனாக்கியது.

"நாங்க இருக்கோம்லா டாக்டர்" என்றார் அம்மா. (நான் டாக்டர் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; சாப்பிடுவது, உடுத்துவது மாதிரி அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிறவர். சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.) ஒவ்வொரு வேளையும் மடியிலிருந்து பீடித் தட்டை இறக்கி, புகையிலைத் தூள் போகக் கை கழுவி, ஊட்டிவிட்டு, மறுபடி உட்காருகிறார். அது அவருக்குச் சிரமமாகவே தெரியவில்லை. பயம் வேறு: "இதுக்குப் பழகிட்டாம்னா கை சோம்பேறியாயிரும்லா."

எந்த ஊருக்குப் போனாலும் இதே பேச்சு. அம்மா, பீடி இலை வெட்ட அளவுக்குத் தகடு வைத்திருக்கிறீர்களே, அதனால் உங்கள் கை சோம்பேறியாகிவிட்டதா? என்னிடம் வாரம் அரை மணி நேரம் கட்டை அடுக்குவதைவிட, தினம் மூன்று வேளை தானே அள்ளிச் சாப்பிடுவதுதான் அந்தக் கைக்குப் பெரிய பயிற்சி. ஊட்டிவிட்டால் அந்தப் பயிற்சியும் போச்சு. பேச்சு வராத பிள்ளைக்கு, வேண்டியதைப் படத்தில் தொட்டுக் காட்டுகிற படப் பலகை கொடுத்தாலும் இதே கதைதான், "காட்டிப் பழகினா பேசவே மாட்டான்" என்பார்கள். படப் பலகை பேச்சைத் தடுக்காது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் பிள்ளை அழுவது மட்டும் குறையும்.

கொட்டுவான். கொட்டட்டும். தட்டு நழுவாமல் அடியில் ஈரத்துணி போடுங்கள். முதலில் தயிர்ச்சோறு மாதிரி ஒட்டுகிற சாப்பாடு, ரசமெல்லாம் அப்புறம். பாதம் தொங்கக் கூடாது, மணைப்பலகை வையுங்கள். தலையை அண்ணாந்த நிலையில் ஊட்டவே ஊட்டாதீர்கள். சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறினால், இருமினால், ஸ்பூனை ஓரம் வைத்துவிட்டு நிஜமான டாக்டரிடம் போங்கள்.

முகாமில் வாங்கிய சக்கர நாற்காலிக்கும் ஒரு வார்த்தை. அரை அடி வாசல்நடைக்கு ஆறு அடி நீளச் சரிவு வேண்டும். இரண்டடிப் பலகையைச் சாய்த்துவிட்டு "ஏற மாட்டேங்கு" என்றால் எப்படி ஏறும்?

அன்று அந்தப் பையன் ஆறு வாய் தானே சாப்பிட்டான். பாதிச் சோறு சட்டையில். அம்மா துடைக்கக் கையை நீட்டினார், அவன் தட்டை இழுத்துக்கொண்டான்.